ஊரைத் தூக்கிப் போன தொடர்கதை

என் மனைவி எங்கள் ஊரை அரை வருஷத்தில் காலி செய்தாள். முதலில் பஸ் ஸ்டாண்டு போனது. பிறகு ரயில்வே ஸ்டேஷன், அதற்குப் பிறகு செங்கம் ரோட்டில் ஒரு பர்லாங். மெட்ராசிலிருந்து வாராவாரம் வந்த பத்திரிகையில் திருவண்ணாமலையின் ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து எழும்பி, வானத்தில் நின்ற கப்பலுக்குள் போய்ச் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் யாரும் கோபப்படவில்லை. "அடுத்த வாரம் எதுங்க சார்?" என்று என்னை வழிமறித்துக் கேட்டார்கள். எனக்கு மட்டும்தான் பயம். அதற்குக் காரணம் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கல்யாணம். நான் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்து டவுனுக்கு வந்து, பே கோபுரத் தெருவில் மொட்டை மாடி உள்ள ஒரு வீட்டில் குடியிருந்தேன். அவள் நாகப்பட்டினம். பி.எஸ்சி. இயற்பியல். பெண் பார்க்கப் போனபோது எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க ஊர்லேந்து கடல் எவ்வளவு தூரம்?"

நான் பாண்டிச்சேரிவரை மனசுக்குள் பஸ் ஏறிப் பார்த்தேன். அதைச் சொன்னால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று தோன்றியது. "ஒரே வருஷம். அதுக்குள்ள இந்தப் பக்கம் மாத்தல் வாங்கிடறேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சம்மதம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் சம்மதித்தது மாற்றலுக்கு என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

வந்து சேர்ந்தது வைகாசியில். எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் மலை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சாயந்திரம் எங்கள் தெருவின் மேல் கொட்டும். அவள் குடம் குடமாக மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றிய தண்ணீர் கண் முன்னாலேயே காய்ந்துவிடும். இடுப்பில் கையை வைத்து மலையை முறைத்துவிட்டு, "இது ஊரா, அடுப்பா?" என்பாள். "அக்னித் தலம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் பெருமையாகச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

தலை ஆடிக்கு அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். ஆவணி பிறந்ததும் நான் போய்க் கூட்டிவந்தேன். கிளம்புகிற அன்று காலையில், கடற்கரையில் நின்று சுண்டல் சாப்பிட்டபடி சொன்னாள்: "அடுத்த ஆடிக்கும் வருவேன். அப்ப உங்க கையில மாத்தல் ஆர்டர் இருந்தா ரெண்டு பேரும் இங்கயே இருந்துடலாம். இல்லன்னா நான் இங்க இருக்கேன், நீங்க உங்க மலையோட இருங்க."

எங்கள் பக்கம் தலை ஆடிக்கு மட்டும்தான் பெண்ணை அழைப்பது வழக்கம். எல்லா ஆடிக்கும் போவேன் என்பது அவளே போட்ட சட்டம். அதைவிட அவள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் பயமாக இருந்தது. சொன்னதைச் செய்கிற ஜாதி அவள். என்னோடு கோபித்துக்கொண்டு, விழுப்புரம் வரும்வரை பேச மாட்டேன் என்று ரயிலில் சொன்னாள். விழுப்புரம் பிளாட்பாரத்தில் வண்டி நின்ற பிறகுதான் தண்ணீர் கேட்டாள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மாற்றல் மனு எழுதி வேலூர் ஆபீசுக்கு அனுப்பினேன். அப்போது நாங்கள் வட ஆற்காடு மாவட்டம், எதற்கும் வேலூர்தான். மனுவைத் தபாலில் போட்டுவிட்டு நேரே கோயிலுக்குப் போய், அது கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கிராமத்தில் அம்மா தனியாக இருந்தாள், நிலம் இருந்தது, எனக்கு இந்த மலையைப் பார்க்காமல் பல் துலக்கிய பழக்கம் கிடையாது. சாமிக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

கார்த்திகை தீபம் வந்தது. மொட்டை மாடியில் நின்றோம். மலை உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே 'அரோகரா' என்று ஒரே குரலாக எழும்பியது. அவள் கும்பிட்டுவிட்டு, "இந்த வெளிச்சம் எவ்வளவு தூரம் தெரியும்?" என்றாள்.

"செங்கம் தாண்டித் தெரியும். எங்க ஊர்லயும் தெரியும்" என்றேன் பெருமையாக.

"அதுக்கும் மேல?"

"மேலன்னா?"

விரலை நிமிர்த்தி வானத்தைக் காட்டினாள். மறுநாள் காலை காபி ஆறிக்கொண்டிருக்க, சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

கதை இதுதான். எங்கோ ஒரு நட்சத்திரத்தில் இருப்பவர்கள் கார்த்திகை தீபத்தைப் பார்த்துவிட்டு, தங்களைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் புறப்பட்டு வருகிறார்கள். வந்து பார்த்தால் கூப்பிட்டது யார் என்று தெரியவில்லை. வெறுங்கையோடு போக மனசில்லை. ஊரைத் துண்டு துண்டாகத் தூக்கிக் கப்பலில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரப் பத்திரிகை அதைத் தொடராகப் போடச் சம்மதித்தது. ஊரை மட்டும் மெட்ராஸ் என்று மாற்ற முடியுமா, படிப்பவர்களுக்குச் சௌகரியமாக இருக்கும் என்று கேட்டு எழுதினார்கள்.

"எனக்கு மெட்ராஸ் மேல கோபம் ஒண்ணும் இல்லையே" என்றாள் என்னிடம். அவர்களுக்கு என்ன பதில் எழுதினாளோ, திருவண்ணாமலை என்றே வந்தது.

புனைபெயரில்தான் எழுதினாள். ஆனாலும் இரண்டாவது வாரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடை வைத்திருந்தவர் என்னைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். விற்கிற பத்திரிகை எல்லாவற்றையும் விற்பதற்கு முன்னால் படித்துவிடுகிற மனிதர்.

"சார், பஸ் ஸ்டாண்ட மேல தூக்கும்போது குழாய்லேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணிகூட வுழலன்னு எழுதியிருக்குது. இந்தக் குழாய்ல தண்ணி வராதுன்னு மெட்ராஸ்காரனுக்கு எப்படி சார் தெரியும்? உங்க வீட்டுக்கு மட்டும் தபால்ல இந்தப் புஸ்தகம் வருதாமே. போஸ்ட்மேன் சொன்னாரு."

நான் இளித்தேன். அத்தோடு முடிந்தது ரகசியம்.

அதற்குப் பிறகு நான் ஊரில் முக்கியப் புள்ளி ஆனேன். கப்பல்காரர்கள் எதைத் தூக்குகிறார்களோ அதற்குத்தான் மவுசு. ஸ்டேஷனைத் தூக்கிய வாரம், அது போனதே மறுநாள்வரை யாருக்கும் தெரியவில்லை, பாசஞ்சர் வண்டி வழக்கம்போல் லேட் என்று எல்லோரும் காத்திருந்தார்கள் என்று எழுதியிருந்தாள். ஸ்டேஷன் சிப்பந்தி ஒருவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் அறையில் ஒட்டிவைத்தார். தேரடித் தெருவில் நான் மத்தியானம் சாப்பிடுகிற மெஸ்ஸின் முதலாளி, சாம்பாரை அவரே வந்து ஊற்றினார். "எங்க மெஸ்ஸ எப்ப சார் தூக்குவாங்க? சொல்லி வைங்க வீட்ல" என்றார். சொல்லிவைத்தேன். அவள் அடுத்த வாரம் எதிர்சாரி ஓட்டலைத் தூக்கினாள். ஒரு மாசம் எனக்கு அப்பளம் கிடைக்கவில்லை.

செங்கம் ரோடு அத்தியாயம்தான் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது. கப்பலில் வந்தவர்கள் பட்டப்பகலில் ஆசிரமத்துப் பக்கம் நடந்து போகிறார்கள். உடம்பு நீல நிறம், தலையில் முடி இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர், "எந்த தேசங்க? டீயில சக்கர ஜாஸ்தியா கம்மியா?" என்று மட்டும் கேட்கிறார். இன்னொருவர் பின்னாலேயே வந்து, "மாச வாடகைக்கு ரூம் கீது, பார்க்கிறீங்களா?" என்கிறார். வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அந்த ரோட்டுக்கு எதுவும் விநோதமில்லை. கோயிலை மட்டும் அவள் தொடவில்லை. வந்தவர்கள் கிழக்கு கோபுரத்தில் வரிசையில் நின்று தரிசனம் செய்தார்கள். ஆளுக்கு ஆறு கால் இருந்ததால் செருப்பு விடுகிற இடத்தில் டோக்கன் தீர்ந்துபோனது. 'கோயில எடுத்தா உங்கம்மா என்னைச் சும்மா விடமாட்டாங்க' என்பது அவள் கணக்கு.

அத்தியாயத்தை எழுதி முடித்துக் கவரில் போட்டு, ஒட்டாமல்தான் என்னிடம் கொடுப்பாள். "ஒட்டிப் போட்டுடுங்க" என்பாள். நான் படிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். தபாலாபீஸ் வேப்பமரத்தடியில் நின்று படித்துவிட்டு, பசை தடவிப் பெட்டியில் போடுவேன். ஒவ்வொரு வாரமும் சிரித்தேன். ஒவ்வொரு வாரமும் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்றும் எண்ணினேன். ஊரில் அவளைப் பிடித்துவைக்க ஏதாவது ஒன்று இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருக்க, அவள் ஒவ்வொன்றாகப் பெயர்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். வேலூரிலிருந்து பதிலே இல்லை. ஆடி மட்டும் நெருங்கிக்கொண்டே இருந்தது.

பங்குனி வாக்கில்தான் வம்பு வந்தது. ஊரைத் தூக்கியவர்கள் கடைசியில் மலைக்கு வருகிறார்கள். தூக்குவதற்கு முன்னால் சுற்றிவந்து அளக்க வேண்டும். காஞ்சி ரோட்டில் ஆரம்பித்து, மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலை வழியாகச் செங்கம் ரோட்டில் வந்து முடிக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மலை ஒரே மாதிரி, ஒற்றைச் சிகரமாக இருந்தது என்று எழுதியிருந்தாள். நானும் படித்தேன். எப்படிக் கோட்டை விட்டேன் என்று தெரியவில்லை. மெஸ் முதலாளியின் அப்பளம் திரும்பக் கிடைக்க ஆரம்பித்த சந்தோஷமாக இருக்கலாம்.

பத்திரிகை வந்த அன்று பேப்பர் கடைக்காரர் கையைத் தட்டவில்லை. ஓடியே வந்தார்.

"இன்னா சார் இது! மலய எடது கைப் பக்கம் வெச்சிக்கினு சுத்தறாங்க!"

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலைதான் சாமி. மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். குழந்தைகூட மாற்றிச் சுற்றாது. பஸ் ஸ்டாண்டு அந்தரத்தில் பறந்ததை ஒப்புக்கொண்ட ஊர், ஆறு கால் ஆட்களுக்கு டீ போட்டுக் கொடுத்த ஊர், இதை ஒப்புக்கொள்ளவில்லை. வானத்திலிருந்து வந்தவர்களாகவே இருந்தாலும் வலமாகத்தான் வர வேண்டும் என்று பத்திரிகைக்குக் கார்டு கார்டாகப் போட்டார்கள். மெஸ் முதலாளி என் இலைக்கு முன்னால் நின்று, "அது போவட்டும் சார், மலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியா கீது? ஒங்க வீட்டம்மா மலை சுத்தனதே இல்லியா?" என்றார். பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

கிராமத்தில் பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். மருமகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, அது வூட்டுக்கு வந்து வருசம் ஆவப்போவுது. ஒரு வாட்டி மலை சுத்த இட்டுக்கினு போனியா? கூட்டிக்கினு போயிருந்தா அதுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல? கட்டனவன் நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

சமையலறையிலிருந்து என் மனைவி, "அப்படிக் கேளுங்கத்தே" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிந்ததும் இருவரும் வெறுங்காலோடு கிளம்பினோம். இப்போது போல் அப்போது பௌர்ணமிக்கு லட்சம் பேர் கிடையாது. ஞாயிறு காலையில் சுற்றுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். கிழக்கு கோபுரத்தில் கும்பிட்டுவிட்டுச் செங்கம் ரோட்டில் இறங்கினோம். ஆசிரமம் தாண்டும்வரை அவள் வாயே மூடவில்லை. கல் குத்துகிறது, வெயில் ஏறுகிறது, எவ்வளவு தூரம் பாக்கி. ரோடு வலப்பக்கம் திரும்பிப் புளியமரங்களுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. நான் காலில் முள் குத்திவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டு நடுவில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேற மலைங்க" என்றாள்.

"அதே மலைதான்."

"நம்ம மாடியிலேந்து தெரியறது இது இல்ல."

கொஞ்ச தூரம் நடந்தால் மலை படுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் போனால் ஒரு சிகரத்துக்குப் பின்னாலிருந்து இன்னொன்று எட்டிப் பார்த்தது. ஓரிடத்தில் எல்லாச் சிகரங்களும் பிரிந்து தனித்தனியாக நின்றன. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த இடம்தான். அவள் அப்படிப் பார்த்ததைப் பார்த்த பிறகு எனக்கும் புதிதாக இருந்தது.

அடி அண்ணாமலை தாண்டி ஒரு பெண் நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் பெண் என் மனைவியின் சிவந்துபோன பாதத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டாள்.

"பே கோபுரத் தெரு" என்றாள் என் மனைவி.

நான் வாய்க்குக் கொண்டுபோன நுங்கைக் கீழே இறக்கினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து யார் கேட்டாலும் நாகப்பட்டினம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டபோதும், ரேஷன் கடையில் கேட்டபோதும் அதே பதில். நான் ஒன்றும் காதில் வாங்காதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். மீதி தூரம் முழுவதும் மனசுக்குள் குதித்துக்கொண்டு நடந்தேன். வீட்டுப் படி ஏறும்போது அவள் திரும்பி, "மாத்தல் என்னாச்சு? வேலூர்ல விசாரிச்சீங்களா?" என்றாள். குதித்ததெல்லாம் அடங்கிப்போனது.

தப்பை அவள் அடித்துத் திருத்தவில்லை, கதைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். தப்பான பக்கம் சுற்றியவர்களை ஒரு நுங்குக்காரப் பெண் வழிமறிக்கிறாள். "மலய எடது கைப் பக்கம் வெச்சிக்கினு எங்க சாமி போறீங்க? திரும்புங்க" என்கிறாள். ஆறு காலையும் மடக்கித் திரும்புகிறார்கள். மறுபடி அளந்தால், நின்ற இடத்துக்கு இடம் வேறு மலையாக இருக்கிறது. எந்த மலையைத் தூக்குவது என்று அவர்களுடைய இயந்திரத்துக்கு விளங்கவில்லை. மலையை விட்டுவிடுகிறார்கள். ஊர் குளிர்ந்துபோயிற்று. மெஸ்ஸில் எனக்கு வடை வந்தது. மறுவாரமே மெஸ்ஸையும் தூக்கிவிட்டாள். முதலாளி அன்று வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் போட்டார்.

ஆனி பிறந்தது. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தை வேப்பமரத்தடியில் பிரித்துப் படித்தேன். அவர்கள் பே கோபுரத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வரிசை போனது. ரேஷன் கடை போனது. எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் காலி, இடப்பக்கம் காலி. நடுவில் ஒரு வீடு மட்டும் நிற்கிறது, மாடியில் ஒரு பெண் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். தொடரும்.

அன்று சாயந்திரம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டேன். "நம்ம வீடு இன்னா ஆவுது?"

"அடுத்த வாரம் பாருங்க."

அடுத்த வாரம் கவரைக் கொடுத்தாள். ஒட்டியிருந்தது. ஓரங்களில் இரண்டாம் தரம் பசை தடவியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தபால்பெட்டியின் வாயில் கவரை வைத்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில், பின்னால் மூன்று பேர் வரிசை கட்டிவிட்டார்கள். "போடுங்க சார்" என்று ஒருவர் அதட்டிய பிறகுதான் போட்டேன்.

ஆனி முடிகிற வாரத்தில் ஒரு நாள் காலை, அவள் ஆடிக்குப் போகப் பெட்டி அடுக்க ஆரம்பித்தாள். ஒரு மாசத்துக்கு இத்தனை புடவை எதற்கு என்று தெரியவில்லை. காலேஜ் புத்தகங்களைக்கூட அடியில் வைத்தாள். அம்மா சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க ஒரு மூட்டை மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொண்டுவந்து, அதை எந்தப் பையில் திணிப்பது என்று சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. ஆபீசுக்கு நேரமாகிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கே பிற்பகல் வேலூரிலிருந்து ஆர்டர் வந்தது. நாகப்பட்டினத்துக்கே போட்டிருந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர் முதுகில் தட்டி, ஸ்வீட் எங்கே என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சிரிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது, நிலத்தை யார் பார்ப்பது என்று ஒரு பக்கம் ஓடியது. இன்னொரு பக்கம், போகட்டும், அவள் கடற்கரையில் நின்று சுண்டல் தின்னட்டும், நானும் பக்கத்தில் நிற்பேன், அது போதும் என்றும் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. ஆர்டரைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

பஸ் ஸ்டாண்டு அருகே பேப்பர் கடைக்காரர் சைக்கிள் ஹாண்டில்பாரையே பிடித்து நிறுத்தினார்.

"கடைசி பாகம் வந்துட்ச்சி சார். இன்னா சார் ஒங்க வீட்டம்மா இப்டிப் பண்ணிட்டாங்க?"

"இன்னா பண்ணாங்க?"

"நீங்களே படிங்க."

ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளில் உட்கார்ந்தபடியே படித்தேன். தூக்கிக்கொண்டு போன ஊர் அவர்களுக்குப் பிரயோஜனப்படவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்கள் மலையைத் தேடுகிறார்கள். மலை இல்லாமல் எந்தப் பக்கம் நடந்தால் வீடு வரும் என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறார்கள். சரி, கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று திரும்பி வருகிறார்கள். எது எங்கே இருந்தது என்பது மறந்துபோயிற்று. கடைசி வீட்டு மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்கிறார்கள். அவள் மாடியில் நின்றபடியே கையை நீட்டி நீட்டிச் சொல்கிறாள். ஸ்டேஷன் அங்கே. மெஸ் இங்கே. குழாய் அந்த மூலையில், தண்ணீர் வராது, பரவாயில்லை. ஊர் முழுவதையும் அவளே அடுக்கி வைக்கிறாள். உதவியதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அவள் ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். ரோட்டோரம் வெறும் பொட்டல். "அங்க ஒரு கடல் வைங்க" என்கிறாள். வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கதையின் கடைசி வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். 'அன்று சாயங்காலம் அவள் பே கோபுரத் தெருவிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போனாள். இருட்டுவதற்குள் வீடு திரும்பினாள்.'

"வேங்கிக்கால்ல எங்க அக்காவுக்கு நெலம் கீது சார், கடல் வந்தா அது இன்னா ஆவறது?" என்று பேப்பர் கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைத் திருப்பினேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அழுதுகொண்டேதான் மிதித்தேன், வெட்கமாகவே இல்லை.

வீட்டில் அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்டரை எடுத்து நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"நாகப்பட்டினமே போட்டுட்டாங்களா?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"கடைசி பாகம் படிச்சிட்டேன்" என்றேன்.

"ம்."

"இத இன்னா பண்றது?"

காகிதத்தை மடிப்பு மாறாமல் மறுபடி மடித்தாள். "வேணாம்னு எழுதிக் குடுத்தா, அப்பறமா கேட்டாக் குடுப்பாங்களா?"

"ஜென்மத்துக்கும் குடுக்க மாட்டாங்க."

எழுந்து ஜன்னலண்டை போய் நின்றாள். அங்கிருந்து மலைதான் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. திரும்பியபோது முகத்தைத் துடைத்திருந்தாள்.

"எழுதிக் குடுத்துடுங்க. அதான் கடல் வந்துடுச்சே" என்றாள். உடனே விரலை ஆட்டி, "ஆனா ஆடிக்குப் போவேன். முழு மாசமும். அதுல ஒரு நாள் குறையாது" என்றாள்.

"அப்ப அந்தப் புஸ்தகமெல்லாம்?"

"தம்பிக்கு. பி.எஸ்சி. சேர்ந்திருக்கான். நீங்க என்ன நெனச்சீங்க?"

அவள் மறுபடி பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் நானும் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பேர் கனத்தில் அது மூடிக்கொண்டது. ஆவணி பிறந்த அன்று ஸ்டேஷனில் போய் நின்றேன். வண்டி லேட். நான் அவள் எழுதியதை நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன், வண்டி வந்தது, அவள் இறங்கினாள்.

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். ஒவ்வொரு வைகாசியும் 'இது ஊரா, அடுப்பா' உண்டு. அவள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம், பஸ் மாறிப் பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எண்பதுகளின் முடிவில் எங்களுக்கென்று தனி மாவட்டம் வந்தது. பிற்பாடு வேங்கிக்கால் பொட்டலில் கலெக்டர் ஆபீஸ், வரிசையாக அரசாங்கக் கட்டடங்கள், புது வீடுகள் எல்லாம் எழும்பின. முதல் தடவை பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "என் கடல மூடிட்டு ஆபீஸ் கட்டிட்டாங்க!" என்றாள். கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இப்போதும் சில சாயங்காலங்களில், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கடற்கரைக்குப் போயிட்டு வரலாமா?" என்பாள். அவள் எந்த மாதிரி இருக்கிறபோது அப்படிக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்க மாட்டேன். டவுன் பஸ் பிடித்து வேங்கிக்காலில் இறங்குவோம். தள்ளுவண்டியில் ஆளுக்கு ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொண்டு, ஆபீஸ் காம்பவுண்டு சுவரைப் பார்த்தபடி நின்று தின்போம். அது கடல் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காற்று வருகிறதா என்று கேட்பாள். வருகிறது என்பேன். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம்.